நாற்பது ஜிபியும் நான்கு சகோதரர்களும்

போன மாதம் தல்லாகுளம் பக்கம் போனபோது, வேலையை விடும்வரை நான் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தேன். என் மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்திருந்தார். சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்றை எடுத்துச் சாய்வாகச் செருகினார், ஒரே ஒரு ஸ்குரூவை முடுக்கினார், மூடிவிட்டார். புது டிஸ்க் போட்டாயிற்றாம்.

"அம்புட்டுதானா?" என்றேன்.

"அம்புட்டுதான் மேடம். நீங்கள்லாம் ஒரு டிஸ்க் மாத்த முழு நாள் எடுத்துக்குவீங்களாமே. அப்படி என்னதான் பண்ணுவீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கோச்சடையிலிருந்து பஸ் பிடித்து பாலிடெக்னிக் போய் எலக்ட்ரானிக்ஸ் படித்ததையும், பயிற்சி என்ற பெயரில் கீபோர்டுகளைத் துடைத்ததையும் விவரித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். என் மகள் செல்வராணி ஹார்டுவேர் இன்ஜினியர் என்று அப்பா சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்ததும், புது வீட்டுக்குக் கதவுக் கீலும் தாழ்ப்பாளும் எடுக்க வேண்டும், உங்கள் கம்பெனியில் என்ன விலைக்குத் தருவார்கள் என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னோம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் கல்யாணம் நடந்தது. கீலை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் துளசிராம் சார். சௌராஷ்டிரக் குடும்பம். அவருடைய அப்பா தறி நெய்தவர். இவர் ரேடியோ ரிப்பேரில் தொடங்கி கம்ப்யூட்டருக்கு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வாடிக்கையாளரிடம் சில வார்த்தைகளைப் பேசக்கூடாது என்று எங்களுக்குத் தடை போட்டிருந்தார். 'சுலபம்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்குப் பார்த்து வேலை இழுத்துவிடும். 'கஷ்டம்' என்றும் சொல்லக்கூடாது. பயந்துபோய் மிஷினை வேறு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 'தெரியாது' அறவே கூடாது. மிச்சமிருந்தது 'பார்ப்போம்' ஒன்றுதான். காலையில் ஷட்டர் திறந்ததிலிருந்து மூடும்வரை நாங்கள் எல்லோரும் பார்ப்போம் பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு மிஷின் தேறாது என்று தெரிந்துவிட்டால் சார் தன் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியிடம் சௌராஷ்டிர பாஷையில் அதைச் சொல்வார். வந்திருப்பவரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அந்த அம்மா அங்கிருந்து யோசனை கொடுப்பார். ஒருநாள் சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சார் இப்படிப் பேசினார். போனை வைத்ததும் வியாபாரி அதே பாஷையில் நிதானமாக ஏதோ சொன்னார். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வியாபாரி போன பிறகு, அவர் என்ன சொன்னார் என்று சாரிடம் கேட்டோம்.

"'ஒங்க வீட்டம்மா சொல்ற யோசன நல்லாத்தான் இருக்கு, அப்படியே என்கிட்ட சொல்லுங்க'ன்னாரு" என்றார் சார்.

டிஸ்க் மாற்றுவதற்கென்று சார் ஒரு முறை வகுத்திருந்தார். மிஷினைத் திறந்ததும் அதன் இரும்புச் சட்டத்தை வெறும் கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். கழற்றுகிற ஸ்குரூக்களை இட்லித் தட்டில் போட வேண்டும், ஒரு குழிக்கு ஒரு ரகம். இதற்காகவே எங்கள் ஒவ்வொருவர் பையிலும் கம்பெனிச் செலவில் ஓர் இட்லித் தட்டு இருந்தது. பட்டைக் கேபிளின் சிவப்பு ஓரம் பவர் செருகும் பக்கம் இருக்க வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால், எது பெரியது எது அடுத்தது என்று ஜம்பர் வைத்துச் சொல்ல வேண்டும். ஜம்பர் என்பது டிஸ்க்கின் முதுகில் துருத்திக்கொண்டிருக்கும் ஊசிகளில் மாட்டுகிற சின்னத் தொப்பி. மாட்டாவிட்டால் இரண்டுமே தான்தான் பெரியவன் என்று நினைத்துக்கொண்டு ஒன்றுமே ஓடாது. அது அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விழுந்தால் கிடைக்காது. அதனால் ஜம்பர் மாட்டும்போது மட்டும் சார் ஃபேனை நிறுத்தச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் தாங்களாகவே மூச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் ஒரு புதுத் தொல்லை வந்தது. ஜனங்களிடம் இருந்த மிஷின்கள் பழசாகவே இருந்தன. கடைக்கு வருகிற டிஸ்க்குகள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின. பழைய அளவில் ஒரு டிஸ்க் கேட்டால் கடைக்காரர் சிரித்தார். சின்னப் பாத்திரம் ஒழுகுகிறது என்று போனவனுக்கு அண்டாவைத் தூக்கிக் கொடுக்கிற கதைதான். இப்படி ஒரு அண்டாவை வைத்துக்கொண்டுதான் டி. கல்லுப்பட்டி அச்சகக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான்கு அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய அச்சகம். மூத்தவர் தவமணி, முதலாளி ஸ்தானம். இரண்டாமவர் ஜெயபால், எதையும் இரண்டு முறை பார்ப்பவர். மூன்றாமவர் பேசமாட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். கடைசித் தம்பி பாண்டிதான் கம்ப்யூட்டரில் உட்காருபவர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் அங்கேதான். எங்கள் பக்கத்துக் காதணி அழைப்பிதழைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரு புத்தகம். தாய்மாமனில் தொடங்கி இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் படமும் பெயரும் அதில் இருக்கும். ஒரு சித்தப்பா படம் விட்டுப்போனால் அந்தச் சித்தப்பா விழாவுக்கு வரமாட்டார். வந்தால் அதைவிட மோசம்.

அப்படி ஒரு புத்தகம் அப்போது அவர்கள் மிஷினில் பாதி வேலையில் இருந்தது. அறுநூறு பேர் முகம். ஸ்கேன் செய்த பிறகு போட்டோக்களை எல்லாம் அந்தந்த ஊருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய டிஸ்க் உள்ளுக்குள் டக் டக்கென்று தட்டத் தொடங்கியிருந்தது, சாகப்போகிறது என்று அர்த்தம். மதுரை போய் நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்றை நால்வரும் சமமாகப் பணம் போட்டு வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள்.

நான் போனதும் பாண்டி சொன்னார்: "நேரா வச்சா டக்கு டக்குங்குது மேடம். சாச்சுப் புடிச்சா சுத்துது."

பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். என் பையில் தனியாக ஒரு பவர் சப்ளை வைத்திருப்பேன். அதிலிருந்து பழைய டிஸ்க்குக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட சாய்வில் தட்டல் நின்று, சீராகச் சுற்றத் தொடங்கியது. அந்தச் சாய்வு மாறினால் நின்றுவிடும். நின்றால் மறுபடி சுற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

"யாராவது இதை அசையாமப் பிடிச்சுக்கணும். வேலை முடியறவரைக்கும்" என்றேன்.

பாண்டி கையை நீட்டினார். தவமணி தடுத்துவிட்டார். "எங்க பொழப்பே அதுலதான் இருக்கு. நான் வச்சுக்கிறேன்." நாற்காலியில் சம்மணமிட்டு, மடியில் மடித்த துண்டும் அட்டையும் வைத்து, காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாய்மாமன் மாதிரி டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். ஆள் நல்ல தாட்டியான ஆள். கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் இனி எழுந்திருக்க முடியாது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

புது டிஸ்க்கை மாட்டி மிஷினைப் போட்டேன். திரை பாதியில் நின்றுவிட்டது. அந்த மிஷின் செய்தபோது நாற்பது ஜிபி என்று ஒன்று வரும் என யாரும் நினைக்கவில்லை. பார்த்ததும் அது விறைத்துப்போய்விட்டது. இதற்கு ஒரு வழி உண்டு. ஜம்பரை வேறொரு இடத்தில் மாட்டினால், டிஸ்க் தன்னை முப்பத்திரண்டு என்று குறைத்துச் சொல்லிக்கொள்ளும். அச்சு மிஷினையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லி, சுற்றி நின்றவர்களை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஜம்பரை மாற்றினேன். இப்போது மிஷின் விழித்துக்கொண்டது. ஆனால் அதற்கு எட்டுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை. திரையில் எட்டு என்று காட்டியது.

ஜெயபால் திரையைப் பார்த்தார். டிஸ்க் வந்த பெட்டியை எடுத்துப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"மேடம், பெட்டியில நாப்பதுன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே. நாப்பதுதான்."

"இதுல எட்டுன்னு காட்டுது."

"ஆமாண்ணே. மிஷின் பழசு, அதுக்கு எட்டுதான் தெரியும்."

"நீங்க வரும்போது பெட்டி பிரிக்காம இருந்துச்சு."

"ஆமா."

"நீங்கதான் பிரிச்சீங்க. ஏதோ சின்னதா ஒண்ணக் கழத்துனீங்க. எங்களையெல்லாம் மூச்சு விடாம நிக்கச் சொன்னீங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மூன்றாமவர் தலையாட்டினார். பழைய டிஸ்க் மொத்தமே ஒன்றேகால் ஜிபிதான், எட்டு என்பது அதைப்போல ஆறு மடங்கு, உங்கள் ஆயுசுக்கும் போதும் என்று விளக்கினேன். "அது கேள்வி இல்ல மேடம்" என்றார் ஜெயபால். "ஆளுக்குப் பத்துன்னு வாங்குனோம். இப்ப ஆளுக்கு ரெண்டு இருக்கு. பாக்கி முப்பத்திரண்டு யார்கிட்ட இருக்கு?"

தவமணி இருந்த இடத்திலிருந்தே பேசினார். "இன்ஜினியரம்மா, நான் ஒண்ணும் சொல்லல. ஒங்க சாருக்கு ஒரு போனப் போடுவோம்."

பாண்டி ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். துளசிராம் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில், "முப்பத்திரண்டும் உள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுதான்." சாட்சி சொல்ல வந்தவர் இதைவிட மோசமாகச் சொல்லியிருக்க முடியாது. தவமணி என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

சார் ஒரு வேலை செய்தார். பழைய மிஷினுக்கு எட்டுக்கு மேல் எண்ணக் கற்றுக்கொடுக்கும் சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. அதை ஃபிளாப்பியில் போட்டு, டி. கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையம் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். அதுவரை காப்பி செய்ய வேண்டாம் என்று நானும் முடிவு செய்தேன். அந்தப் புரோகிராமைப் பிறகு போட்டால் காப்பி செய்தது அழிந்துவிடும், பழைய டிஸ்க் இன்னொரு முறை ஓடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆக, பஸ் வரும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது. வடை வந்தது. தவமணிக்குப் பாண்டி ஊட்டிவிட்டார். நான் பாத்ரூம் எங்கே என்று கேட்டபோது, மூன்றாமவர் கூடவே வந்து வாசலில் நின்றார். என் கைப்பையை உள்ளே எடுத்துப்போக வேண்டாம் என்று மட்டும் மரியாதையாகச் சொன்னார்கள்.

பஸ் வந்தது. கண்டக்டரிடமிருந்து ஜெயபாலே ஃபிளாப்பியை வாங்கி வந்தார். அதை ஏற்றி மிஷினைப் போட்டேன். திரையில் முப்பத்திரண்டு.

எனக்குச் சந்தோஷம். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். யாருக்கும் சந்தோஷம் இல்லை.

"பாத்தியாண்ணே" என்றார் ஜெயபால் மெதுவாக. "கேட்டா வருது."

"இன்னும் எட்டு இருக்குல்ல" என்றார் தவமணி.

"அதையும் குடுத்துருங்க மேடம். பஸ்ஸுல போட்டு விடச் சொல்லுங்க. நாங்க வெளிய சொல்லமாட்டோம்" என்றார் ஜெயபால்.

நான் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறேனோ அவ்வளவுக்குத் திருடியாகிக்கொண்டிருந்தேன். அந்த எட்டையும் காட்ட வேண்டுமென்றால் ஜம்பரைப் பழைய இடத்தில் மாட்ட வேண்டும், மாட்டினால் மிஷின் விறைத்துவிடும் என்றேன். நம்பவில்லை. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்று தோன்றியது. அந்த அவசரத்தில்தான் அடுத்ததைச் சொன்னேன்.

"சரிண்ணே. அடுத்து பார்ட்டிஷன் போடணும்."

பாண்டி தரையைப் பார்த்தார். வாசலில் அச்செழுத்துக் கோத்துக் கம்போசிங் செய்துகொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"யாரு சொன்னா?" என்றார் தவமணி. குரல் வேறு மாதிரி இருந்தது. "யாரு சொன்னா ஒங்ககிட்ட? ஜெயபால் சொன்னானா?"

"நான் எங்கண்ணே சொன்னேன்."

"நேத்து ராத்திரி நீ வக்கீல் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? எங்கப்பா இருந்தவரைக்கும் சொத்துப் பார்ட்டிஷன்ற வார்த்தைய இந்த வீட்டுல ஒருத்தன் சொன்னதில்ல. இப்ப மதுரையிலருந்து ஆளு வந்து சொல்லுது."

நான் டிஸ்க்கைப் பற்றித்தான் சொன்னேன் என்று எவ்வளவோ சொன்னேன். டிஸ்க்கை உபயோகிக்கும் முன் அதற்குப் பங்கு போட வேண்டும். வேண்டுமானால் நாலாகப் போடலாம், இல்லை ஒன்றாகவே வைக்கலாம். ஒன்றாக வைத்தாலும் அதற்குப் பெயர் பார்ட்டிஷன்தான் என்றேன்.

"ஒண்ணா இருக்கறதுக்கும் பார்ட்டிஷனா?" என்றார் பாண்டி பரிதாபமாக.

ஆனால் நாலாகப் போடலாம் என்பது ஜெயபாலுக்குப் பிடித்துவிட்டது. ஆளுக்கு எட்டு, அவரவர் வேலை அவரவர் இடத்தில். "அப்படியே போடுங்க மேடம். மொதப் பங்கு அண்ணனுக்கு."

"விண்டோஸ் மொதப் பங்குலதான் உக்காரும்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அது என்ன என் பங்குல உக்காரறது? நாலு பேருக்கும் பொதுதான அது?" என்றார் தவமணி. "அன்னைக்குக் கெணறும் இப்படித்தான. நான் உழுற வயல்லதான் வெட்டணும்னீங்க."

"கெணத்துப் பேச்ச இப்ப எடுக்காத."

"எடுப்பேன்டா. எடுத்தா என்ன செய்வ?"

ஜெயபால் கையை ஓங்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். தவமணியின் தோள் இரண்டும் விடைத்தன. நாற்காலி கிறீச்சிட்டது. மடியில் டிஸ்க் ஒருமுறை 'டக்' என்றது. அவர் அப்படியே உறைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பின்னால் சாய்ந்தார். தட்டல் நின்றது.

"டேய்" என்றார், உதடு மட்டும் அசைய. "நான் எந்திரிச்சேன்னா அறுநூறு பேரு மூஞ்சி போயிரும்டா. அதனாலதான் ஒக்காந்திருக்கேன்."

அப்போதுதான் வீரணன் உள்ளே வந்தார். அந்தக் காதணி விழாவின் தாய்மாமன் அவர்தான். பக்கத்து ஊரில் பெரிய சம்சாரி, நிலபுலம் நிறைய உள்ளவர். மதுரை தெற்கு மாசி வீதியில் தங்கைப் பிள்ளைகளுக்குத் தோடு எடுத்துவிட்டு, நகைக்கடைப் பையோடு, அழைப்பிதழ் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். ஒருவர் நாற்காலியில் சிலை மாதிரி இருப்பதையும், ஒருவர் கையை ஓங்கியபடி நிற்பதையும், நடுவில் நான் இட்லித் தட்டோடு நிற்பதையும் பார்த்தார்.

"என்ன மாப்ள நடக்குது?"

நாலு பக்கமிருந்தும் சொன்னார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

"வாங்குனது நாப்பது. இப்ப இருக்கறது முப்பத்திரண்டு. எட்டு கொறையுது. அதான?"

"ஆமா மாமா."

"அத இந்தப் புள்ள எடுத்துருச்சுங்கறீங்க."

என் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீரணன் நகைக்கடைப் பையைத் தூக்கிக் காட்டினார். "இந்தா, இப்பத்தான் அஞ்சு பவுன் எடுத்துட்டு வாரேன். நூத்துக்கு இருவது சேதாரம் போட்டான். எங்கடா போச்சு அந்தத் தங்கம்னு நான் கேக்க முடியுமா? பழச உருக்கிப் புதுசுல சேக்கணும்னா சேதாரம் இருக்கத்தான் செய்யும். நாப்பதுக்கு எட்டு. அதே கணக்குத்தான். நகைக்கடைக்காரனுக்கு விட்டுக் குடுக்கறோம், இந்தப் புள்ளைக்கு விட்டுக் குடுக்கக் கூடாதா?"

நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாண்டி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஜெயபால் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. "சேதாரம்னா சரிதான். மொதல்லயே அப்படிச் சொல்லியிருக்கலாம்" என்றார் என்னிடம், கொஞ்சம் குறையாக.

"அடுத்தது அந்தப் பங்கு. தாயி, நாலாப் போட்டா பின்னாடி ஒண்ணாச் சேக்க முடியுமா?" என்று வீரணன் என்னிடம் கேட்டார்.

"முடியும்யா. ஆனா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்."

"ஒண்ணா வச்சுட்டுப் பின்னாடி நாலாப் பிரிச்சா?"

"அப்பவும் அழிஞ்சிரும்."

"கேட்டுக்கிட்டீங்கள்ல" என்றார் வீரணன். "ஒண்ணாவே வையி தாயி. இவங்க பிரியறதுன்னா என் அழைப்பிதழ் அச்சானதுக்கப்பறம் பிரியட்டும்."

ஒரே பங்காகப் போட்டு, தவமணி மடியிலிருந்த டிஸ்க்குக்கு மிஷினிலிருந்து ஒரு கேபிளை இழுத்து மாட்டி, காப்பி செய்ய ஆரம்பித்தேன். அந்தக் காலத்துக் காப்பி என்பது கறுப்புத் திரையில் ஃபைல்களின் பெயர் ஒவ்வொன்றாக ஓடுவதுதான். பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. பாண்டி ஆங்கில எழுத்தில் சுருக்கிச் சுருக்கி வைத்திருந்தார். முனியாண்டி 'முனியா' ஆகியிருந்தார். ஒரு பெரியம்மா 'பெரிய' என்பதோடு நின்றுவிட்டார். வீரணன் உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொரு பெயர் ஓடும்போதும் "இது உசிலம்பட்டிச் சித்தப்பன், இது எங்க அம்மாச்சி ஊரு" என்று சத்தமாகச் சொன்னார். ஜெயபாலும் மூன்றாமவரும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள். தவமணி மட்டும் திரையைப் பார்க்க முடியாமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதணி முடிந்து பழைய போஸ்டர்கள் ஓடத் தொடங்கின. வேகமாக ஓடிக்கொண்டிருந்த திரை ஒரு பெரிய ஃபைலில் தயங்கியது. அப்பா என்று ஒன்று. பிறகு அப்பா ஒன்று, அப்பா இரண்டு. கடைசியாக அப்பாவும் அதோடு 'ஃபைனல்' என்ற சொல்லும் சேர்ந்து, எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லாமல் பாதியில் நின்ற ஒரு பெயர்.

"என்னடா சத்தத்தக் காணோம்?" என்றார் தவமணி.

"அப்பா ஓடுறாருண்ணே" என்றார் ஜெயபால். அவர்களுடைய அப்பாவுக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நால்வரும் எத்தனை முறை திருத்தித் திருத்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த வரிசையிலேயே தெரிந்தது.

"முழுசா வந்துருச்சா?"

"இரு. வருது." ஜெயபால் குனிந்து அண்ணனின் முழங்கைக்குக் கீழே தன் கையைத் தாங்கலாகக் கொடுத்தார். திரை நகர்ந்தது. "வந்துருச்சு."

காப்பி முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. கடைசிப் பெயர் ஓடியதும் பவர் சப்ளையை நிறுத்தினேன். தவமணியால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. ஜெயபாலும் மூன்றாமவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தி, பிள்ளைக்கு நடை பழக்குகிற மாதிரி அறைக்குள்ளேயே நடத்தினார்கள். பழைய டிஸ்க்கை மறுபடி சுற்ற வைக்க எப்படிச் சாய்த்துப் பார்த்தும் என்னால் முடியவில்லை.

காதணி விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கணவரோடு போனேன். அழைப்பிதழில் ஒருவர் முகமும் விடுபடவில்லை. வீரணன் என்னைக் கையோடு அழைத்துப் போய்த் தன் சொந்தத்தில் காட்டினார். "இந்தப் புள்ளதான். கொஞ்சம் எடுத்துக்கிட்டாலும் வேல சுத்தம்." மறுக்க நினைத்தேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்து இலையில் ஒரு பெரியவர், பேரன் மிஷினில் இடம் போதவில்லையாம், என்னிடம் இருக்கும் எட்டில் இரண்டு கொடுக்க முடியுமா என்று கேட்டார். மிஷினைத் தல்லாகுளத்துக்குக் கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார்கள். அவர்கள் ஊரிலிருந்து அதன் பிறகு நிறைய வேலை வந்தது. எல்லோரும் மிஷினை மேஜையில் வைத்ததும் முதலில் என் சேதாரம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். துளசிராம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சில வருடம் கழித்து அந்த நால்வரும் பிரிந்தார்கள். சண்டை இல்லை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வயல், வீடு, கிணறு, அச்சு மிஷின் எல்லாம் பத்திரம் எழுதிப் பங்கு போட்டாயிற்று. நான்கு பேரும் நான்கு புது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பழைய மிஷினில் இருந்ததை மாற்றிக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். யாருக்கு எது என்பதில் அவர்களுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, அப்பாவின் ஃபைல்களை நான்கு மிஷினிலும் போட்டு, நான்கையும் திறந்து காட்டினேன். நான்கு திரையிலும் அந்தப் பெரியவர், மாலையோடு, ஒரே மாதிரி.

ஜெயபால் ஒவ்வொரு மிஷினாகப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நாலு பேருக்கும் முழுசாவா மேடம்?"

"முழுசாத்தாண்ணே."

"ஒருத்தருக்கும் கொறையல?"

"கொறையல."

"சேதாரமே இல்லாமயா?" என்று என்னைப் பார்த்தார். முதல்முறையாக நான் அவரை ஏமாற்றுகிறேனோ என்று அவருக்கு உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.